ஜெமினிட் எரிகல் பொழிவு 2026: திருநெல்வேலியில் எந்த இரவு, எத்தனை மணிக்கு விழித்திருக்க வேண்டும்?

கேள்வி: பாளை வாசகி

அனைவருக்கும் வணக்கம். சென்ற ஆண்டு டிசம்பரில் எங்களுக்கு நேர்ந்ததை முதலில் சொல்லிவிட்டு, அதன் பிறகு கேள்வியைக் கேட்கிறேன்.

"டிசம்பர் 14 அன்று ஜெமினிட் எரிகல் பொழிவு உச்சத்தை எட்டும், மணிக்கு 150 எரிகற்கள் வரை காணலாம்" என்று தொலைக்காட்சிச் செய்தியில் சொன்னார்கள். அதை நம்பி, அந்த ஞாயிற்றுக்கிழமை இரவு ஒன்பது மணிக்குப் பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் கோரைப்பாயை விரித்து, எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகளும் நானும் என் மாமனாரும் பதினொரு மணி வரை வானத்தைப் பார்த்துப் படுத்திருந்தோம். வானம் தெளிவாகவே இருந்தது. மகள் ஒவ்வொரு எரிகல்லுக்கும் நோட்டில் ஒரு கோடு போட்டுக்கொண்டே வந்தாள். இரண்டு மணி நேரத்தில் ஒன்பது கோடுகள்தான் விழுந்தன. மறுநாள் பள்ளி என்பதால் அவளைக் கீழே அழைத்து வந்துவிட்டேன். படுக்கப் போகும்முன் அவள், "மீதியெல்லாம் எங்கேம்மா விழுந்துச்சு?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

இந்த ஆண்டு முன்கூட்டியே தெரிந்துகொண்டு போக விரும்புகிறேன். டிசம்பர் 14 என்று சொல்கிறார்களே, அது 13ஆம் தேதி இரவு விடிந்தால் வரும் 14ஆ, அல்லது 14ஆம் தேதி இருட்டிய பிறகு வரும் இரவா? அந்த இரவிலும் எந்த நேரம் சிறந்தது? அதை நாமே கணித்துக்கொள்ள வழி உண்டா, அல்லது ஆண்டுதோறும் யாரையாவது கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா? என் அம்மா வீடு மூலைக்கரைப்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே போய்ப் பார்த்தால் வேறுபாடு இருக்குமா என்பதையும் சொல்லுங்கள்.

பதில் 1: அம்பை ஆசிரியர்

அம்மா, உங்கள் மகள் கேட்டது மிக நல்ல கேள்வி. முப்பது ஆண்டுகள் இயற்பியல் கற்பித்தவன் என்ற முறையில், அந்தக் கேள்விக்கு முழுமையாகப் பதில் சொல்ல முயல்கிறேன்.

எரிகல் பொழிவின் உச்சம் தேதியைப் பார்த்து வருவதில்லை. பூமி தன் பாதையில் ஒரு குறிப்பிட்ட இடத்தைக் கடக்கும்போது வருகிறது. ஃபேத்தான் என்ற சிறுகோள் ஒன்றரை ஆண்டு கூட ஆகாமல், சரியாகச் சொன்னால் 1.43 ஆண்டுகளில் சூரியனை ஒருமுறை சுற்றி வருகிறது. ஐராஸ் விண்கலம் எடுத்த படங்களிலிருந்து 1983இல் அதைக் கண்டுபிடித்தார்கள். அதன் பாதையும் ஜெமினிட் துகள்களின் பாதையும் ஒன்றே என்பதை ஃபிரெட் விப்பிள் என்ற வானியலாளர் அப்போதே சுட்டிக்காட்டினார். அது உதிர்த்த துகள்கள் அதன் பாதை நெடுகிலும் பரவிக் கிடக்கின்றன. பூமி அந்தத் துகள் ஓடையைக் குறுக்கே கடக்கும் இடம் ஏறக்குறைய மாறுவதே இல்லை. ஆகவே "என்றைக்கு" என்ற கேள்விக்கான உண்மையான விடை ஒரு கோண அளவு. பூமியிலிருந்து பார்க்கும்போது சூரியன் 262.2 பாகையில் (2000ஆம் ஆண்டின் மார்ச் சமநாள் புள்ளியிலிருந்து அளந்தது) நிற்கும் கணமே ஜெமினிட் உச்சம். அந்தப் பாகைக்குச் சூரியன் வந்து சேரும் நேரத்தை எந்த ஆண்டுக்கும் கணித்துவிடலாம்.

நம் காலண்டரில் ஆண்டுக்கு 365 நாள். பூமி தன் பாதையில் அதே இடத்துக்குத் திரும்ப எடுத்துக்கொள்வதோ 365 நாளும் 6 மணி 9 நிமிடமும். இந்த ஆறு மணி நேர மிச்சம்தான் எல்லாக் குழப்பத்துக்கும் காரணம். சென்ற ஆண்டு உச்சம் இந்திய நேரப்படி டிசம்பர் 14 பிற்பகல் ஒன்றரை மணிக்கு நிகழ்ந்தது. அப்போது நமக்கு நல்ல வெயில். இந்த ஆண்டு அதோடு ஆறு மணி நேரத்தைக் கூட்டினால், டிசம்பர் 14, திங்கட்கிழமை மாலை ஏழரை மணி வாக்கில் வருகிறது. அடுத்த ஆண்டு, 2027இல், 15ஆம் தேதி அதிகாலை 1.40 வாக்கில் வரும். அதற்கு அடுத்தது லீப் ஆண்டு என்பதால், ஆறு மணி நேரம் கூடி ஒரு முழு நாள் கழிந்து, 2028இல் 14ஆம் தேதி காலை 7.45 வாக்கிற்குத் திரும்பிவிடும்.

சர்வதேச விண்கல் அமைப்பு ஆண்டுதோறும் வெளியிடும் நாட்காட்டியிலும் இந்த நேரங்களைக் காணலாம். அங்கே உலக நேரத்தில் கொடுத்திருப்பார்கள். நாம் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். வெளிநாட்டுச் செய்திகளில் "13ஆம் தேதி இரவு" என்று வருவது அந்தந்த நாட்டு இருட்டைக் கணக்கில் கொண்டு எழுதியது. அதை அப்படியே தமிழில் வாசித்துவிட்டு நாம் மாடிக்கு ஏறினால், சில ஆண்டுகளில் சரியாக அமையும், சில ஆண்டுகளில் ஓர் இரவு தவறிவிடும்.

இரண்டாவது கணக்கு, எரிகற்கள் எந்தப் புள்ளியிலிருந்து கிளம்புவதுபோலத் தோன்றுகின்றனவோ அந்தப் புள்ளி நம் வானில் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது. நம் புனர்பூச நட்சத்திரத்தின் இரட்டை விண்மீன்களான காஸ்டர், பொலக்ஸ் ஆகிய இரண்டில் காஸ்டருக்கு அருகில் அது இருக்கிறது. டிசம்பர் நடுவில் திருநெல்வேலியில் அந்தப் புள்ளி இரவு 7.50 வாக்கில் வடகிழக்கில் எழுகிறது. பத்து மணிக்கு 26 பாகை உயரம், நள்ளிரவில் 50 பாகை, அதிகாலை 2.15 வாக்கில் ஏறக்குறைய 66 பாகையை எட்டி, தலைக்கு மேலே சற்று வடக்காக நிற்கிறது. பிறகு மெல்ல மேற்கே சாய்கிறது, 5.10 வாக்கில் விடியலின் முதல் வெளிச்சம் தொடங்கிவிடும்.

புள்ளி தாழ்வாக இருக்கும்போது துகள்கள் மிகச் சாய்ந்து வருவதால், அதே எண்ணிக்கைத் துகள்கள் வானத்தின் அதிகப் பரப்பில் சிதறிவிடுகின்றன. மாலை வெயில் நம் நிழலை நீட்டுவதைப்போல என்று பிள்ளைக்குச் சொல்லலாம். சாய்ந்த வெயில் ஒரு சதுர அடி மண்ணைச் சூடாக்கும் அளவுக்கும் உச்சி வெயில் சூடாக்கும் அளவுக்கும் உள்ள வேறுபாடுதான் இங்கேயும்.

மூன்றாவது, நிலா. இந்த டிசம்பர் 9ஆம் தேதி அமாவாசை. எனவே 14ஆம் தேதி இரவு வளர்பிறை நிலா ஏறக்குறைய பத்தரை மணிக்கு மறைந்துவிடும். எங்கள் அம்பாசமுத்திரத்தில் மேற்கே மலை நிற்பதால் அதற்கும் சற்று முன்பே போய்விடும்.

மூன்றையும் சேர்த்தால் விடை இதுதான்: இந்த ஆண்டு நீங்கள் விழித்திருக்க வேண்டியது 14ஆம் தேதி திங்கட்கிழமை இரவு. 13ஆம் தேதி இரவைத் தேர்ந்தெடுத்தால், தோற்றப் புள்ளி உச்சிக்கு வரும் அதிகாலை வேளை உச்சத்துக்கு 17 மணி நேரம் முந்தியதாகிவிடும். 14ஆம் தேதி இரவிலோ அது உச்சத்துக்கு 7 மணி நேரம் பிந்தியது மட்டுமே. நேரம் இரவு பத்தரை முதல் அதிகாலை இரண்டரை வரை. இன்னொன்றும் உண்டு. ஓடையில் நுண்துகள்கள் ஒரு பக்கமும் சற்றுப் பெரிய துகள்கள் மறுபக்கமுமாகப் பிரிந்து கிடப்பதால், உச்சம் கடந்த பிறகு வருபவற்றில் ஒளி மிகுந்தவற்றின் பங்கு கூடுதல். எண்ணிக்கை சீக்கிரம் குறையும் என்பதும் உண்மை. ஆகவே செவ்வாய்க்கிழமை இரவுக்குத் தள்ளிப்போடாதீர்கள்.

பதில் 2: வள்ளியூர் விண்நோக்கி

ஆசிரியர் சொன்னதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அக்காவுக்குச் சென்ற ஆண்டு ஒன்பது மட்டுமே கிடைத்ததற்கு முதல் காரணம் தேதி இல்லை என்பது என் கருத்து. உச்சம் பிற்பகல் ஒன்றரைக்கு என்றால், 13ஆம் தேதி இரவும் 14ஆம் தேதி இரவும் ஏறத்தாழ சம தூரத்தில்தான் இருந்தன. நேரமும் இடமும்தான் கைவிட்டன. பத்து ஆண்டுகளாக ஜெமினிட் இரவுகளில் எண்ணிக்கை எடுத்து வருகிறேன் என்பதால், இதைக் கணக்குப் போட்டே காட்டுகிறேன்.

மணிக்கு 150 என்பது ஒரு கற்பனையான பார்வையாளருக்குரிய எண். அவருக்குத் தோற்றப் புள்ளி சரியாகத் தலை உச்சியில் இருக்கும். அவர் வானில் 6.5 ஒளித்தரம் (எண் கூடக்கூட மீன் மங்கலானது) வரையிலான மங்கலான மீன்கள் தெரியும்; மேகம், நிலா, மரம், மாடிச்சுவர் எதுவும் மறைக்காது. நம்மில் யாரும் அப்படி நிற்பதில்லை. அதனால் அந்த எண்ணை நம் வானத்துக்கு இறக்கிக்கொண்டு வர வேண்டும். முதலில் தோற்றப் புள்ளியின் உயரக் கோணத்துக்குரிய சைன் மதிப்பால் பெருக்க வேண்டும். அதன் பிறகு, நம் வானில் தெரியும் மிக மங்கலான மீனின் ஒளித்தரம் 6.5க்கு எவ்வளவு குறைகிறதோ அதற்கேற்ப வகுக்க வேண்டும். ஜெமினிட்டுக்கு அந்த வகுத்தி ஒவ்வோர் ஒளித்தரக் குறைவுக்கும் 2.6. அதாவது 5.5 வரை தெரிந்தால் 2.6ஆல், 4.5 வரைதான் தெரிந்தால் 2.6ஐ 2.6ஆல் பெருக்கி வரும் 6.8ஆல் வகுக்க வேண்டும். வெளிச்சம் எவ்வளவு கொடுமையாக எண்ணிக்கையைத் தின்றுவிடுகிறது என்பதை இந்த ஒரு வகுத்தியிலேயே பார்க்கலாம்.

இப்போது பாளையங்கோட்டை மொட்டை மாடி. தெருவிளக்குகளுக்கு நடுவே 4.5 வரை தெரிந்ததாக வைத்துக்கொள்கிறேன். உச்சம் கடந்து எட்டு மணி நேரம் ஆகிவிட்டதால் 150க்குப் பதில் 100 என்று கொள்வோம். ஒன்பதரை மணிக்குப் புள்ளியின் உயரம் 20 பாகை, சைன் 0.34, ஆக 34, அதை 6.8ஆல் வகுத்தால் 5. பத்தரை மணிக்கு உயரம் 33 பாகை, சைன் 0.54, ஆக 54, வகுத்தால் 8. இரண்டு மணி நேரத்துக்கும் சேர்த்து 13. கண்ணை எடுக்காமல் பார்த்தவருக்கு 13 என்றால், பேசிக்கொண்டும் நோட்டில் குனிந்து கோடு போட்டுக்கொண்டும் இருந்த பிள்ளைக்கு 9 என்பது மிக நேர்மையான எண்ணிக்கை. அவளிடம் சொல்லுங்கள் அக்கா, அவள் எதையும் தவறாக எண்ணவில்லை. மீதியில் பல அவள் தலைக்கு மேலேயே விழுந்தன, தெருவிளக்கு மறைத்துவிட்டது.

இந்த ஆண்டு அதே மாடியில், அதே விளக்குகளோடு, நள்ளிரவில் பார்த்தால் மணிக்கு 14 வாக்கில் கிடைக்கும். உச்சத்திலிருந்து சற்று இறங்கி 120 என்று எடுத்துக்கொண்டு போட்ட கணக்கு இது. அதே நள்ளிரவில் மூலைக்கரைப்பட்டிப் பக்கம் ஊரைத் தாண்டிய வயலில், 6 வரை தெரியும் வானத்தில், மணிக்கு 57. நான்கு மடங்கு. தேதியை ஓர் இரவு தவறவிட்டாலும் இவ்வளவு இழப்பு வராது.

இடம் தேடும்போது நான்குவழிச் சாலையை விட்டு மூன்று நான்கு கிலோமீட்டர் உள்ளே தள்ளிப் போங்கள். தெற்கே எங்கள் பக்கமும் பணகுடி, காவல்கிணறு பக்கமும் காற்றாலைகளின் உச்சியில் சிவப்பு விளக்குகள் விட்டுவிட்டு எரியும். அவை வானத்தை அதிகம் வெளுப்பாக்குவதில்லை. ஆனால் கண்ணை இழுத்துக்கொண்டே இருக்கும். காற்றாலை வரிசைக்கு முதுகைக் காட்டிப் படுப்பது நல்லது. மலைமேல் இருட்டு அதிகம் என்று நினைத்து மாஞ்சோலை, முண்டந்துறைப் பக்கம் இரவில் போக நினைக்காதீர்கள். அது புலிகள் காப்பகம். இரவில் அனுமதி கிடையாது.

பாளை வாசகி

உங்கள் இருவருக்கும் என் மனமார்ந்த நன்றி. தம்பி போட்ட கணக்கை மகளிடம் காட்டினேன். அவள் உடனே தன் பழைய நோட்டை எடுத்து வந்து, ஒன்பது கோடுகளில் ஆறு, பத்து மணிக்குப் பிறகு போட்டவை என்று காட்டினாள். கணக்கு சொல்வதும் அதுதானே!

இரண்டு சந்தேகங்கள். ஆகஸ்டில் வரும் பெர்சீட் பொழிவு இதைவிடப் பெரியது என்று சிலர் சொல்கிறார்கள். அது எங்களுக்கு ஏற்றதா? ஏழு, எட்டு மணிக்கே உச்சம் என்றால், அந்த நேரத்தில் பார்க்க ஒன்றுமே இருக்காதா? என் மாமனாருக்கு வயது எழுபத்தாறு. நள்ளிரவு தாண்டி அவரை உட்கார வைக்க எனக்குத் தயக்கமாக இருக்கிறது.

பதில் 3: அம்பை ஆசிரியர்

பெர்சீட் வடநாட்டுக்காரர்களின் பொழிவு. அதன் தோற்றப் புள்ளி வான நடுக்கோட்டிலிருந்து 58 பாகை வடக்கே இருக்கிறது, நாமோ 8.7 பாகை அட்சரேகையில் இருக்கிறோம். அதனால் நம் வானில் அது எப்போதுமே 41 பாகைக்கு மேல் ஏறாது. அந்த உயரத்தை எட்டுவதற்குள் விடிந்தும்விடும். தென்மேற்குப் பருவக்காற்றின் மேகமும் மலையோரத்தில் அப்போது விலகியிருக்காது. ஜெமினிட்டின் புள்ளி 33 பாகை வடக்கே மட்டுமே இருப்பதால், நம் ஊருக்கு அதுதான் ஆண்டின் முதன்மைப் பொழிவு என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

மாலை வேளையைப் பற்றி நீங்கள் கேட்டது மிகவும் நல்லது. எண்ணிக்கை குறைவாக இருக்கும். நிலாவும் மேற்கே இருக்கும். ஆனால் புள்ளி அப்போதுதான் அடிவானத்தில் எழுந்திருப்பதால், வரும் எரிகற்கள் வளிமண்டலத்தின் மேற்பரப்பை உரசிக்கொண்டே மிக நீண்ட தூரம் ஓடும். வடகிழக்கில் கிளம்பி, தலைக்கு மேலாகத் தென்மேற்கு வரை நீளும் ஒரே கோடு. ஜெமினிட் துகள்களின் வேகம் நொடிக்கு 35 கிலோமீட்டர்; நவம்பரின் லியோனிட் துகள்களின் வேகத்தில் அது பாதி. அதனால் "அதோ!" என்று ஒருவர் சொல்லி மற்றவர் திரும்பிப் பார்க்கும் வரைகூட அது ஓடிக்கொண்டிருக்கும். இந்த ஆண்டு உச்சம் அதே நேரத்தில் அமைவதால், எட்டு மணி முதல் ஒன்பதரை வரை பெரியவருக்காக ஒதுக்குங்கள். நான்கைந்து பார்த்தாலும் அவர் மறக்க மாட்டார். சாய்வு நாற்காலியைக் கிழக்கு நோக்கிப் போட்டு, தலையில் ஒரு துண்டைக் கட்டிவிடுங்கள். டிசம்பர்ப் பனி நெற்றியில்தான் முதலில் இறங்கும்.

பதில் 4: கல்லிடைப் பஞ்சாங்கம்

எனக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. ஆங்கில நாட்காட்டியைவிடப் பஞ்சாங்கத்தோடுதான் எனக்குப் பழக்கம் அதிகம். நாமே கணித்துக்கொள்ள வழி உண்டா என்று அந்த அம்மாள் கேட்டிருந்தார். அதற்கு நான் கண்டுகொண்ட ஒரு வழி உண்டு. ஆசிரியர் இதைச் சரிபார்த்துச் சொன்னால் மகிழ்வேன்.

நம் சூரிய மாதங்கள் நட்சத்திரங்களை வைத்து அளக்கப்படுபவை. ஆசிரியர் சொன்ன 365 நாளும் 6 மணி 9 நிமிடமும் நாம் சித்திரை தொடங்கி அடுத்த சித்திரை வரை எண்ணும் ஆண்டேதான். துகள் ஓடையும் நட்சத்திரங்களுக்கு நடுவே நிலையாக நிற்பது. எனவே ஆங்கிலத் தேதியில் ஆண்டுக்கு ஆறு மணி நேரம் நகர்வதும், பிறகு லீப் ஆண்டில் பின்னால் குதிப்பதும் நம் கணக்கில் இருக்கக் கூடாது அல்லவா? அவர் சொன்ன 262.2 பாகையிலிருந்து அயனாம்சம் (சமநாள் புள்ளிக்கும் நம் ராசிக் கணக்கின் தொடக்கத்துக்கும் உள்ள இடைவெளி) 23.86ஐக் கழித்தேன். 238.34 வந்தது. அதாவது சூரியன் விருச்சிக ராசியில் 28 பாகை 20 கலையில் (60 கலை ஒரு பாகை) நிற்கிறது. தனுசு ராசிக்குள் நுழைய இன்னும் 1 பாகை 40 கலை பாக்கி. மார்கழிப் பிறப்பை ஒட்டி சூரியன் நாளொன்றுக்கு 61 கலை நகர்வதால், அந்தப் பாக்கியைக் கடக்க ஒரு நாளும் 15 மணி நேரமும் பிடிக்கும்.

ஆக, பஞ்சாங்கத்தில் தனுர் மாதப் பிறப்பு நேரத்தைப் பார்த்து, அதிலிருந்து 39 மணி நேரத்தைக் கழித்தால் ஜெமினிட் உச்சம். கார்த்திகை முடியும் தறுவாயில், மார்கழி பிறப்பதற்கு ஒன்றரை நாளுக்குச் சற்று முன்னால். எந்த ஆண்டானாலும் இதே கணக்கு.

பதில் 5: அம்பை ஆசிரியர்

ஐயா, உங்கள் கணக்கை இரண்டு ஆண்டுகளுக்குப் போட்டுப் பார்த்தேன். சென்ற ஆண்டு தனுர் சங்கிரமணம், அதாவது தனுர் மாதப் பிறப்பு, டிசம்பர் 16 அதிகாலை நாலரை மணி வாக்கில். 39 மணி நேரத்தைக் கழித்தால் 14ஆம் தேதி பிற்பகல் ஒன்றரை. இந்த ஆண்டு 16ஆம் தேதி காலை பத்தரை வாக்கில். கழித்தால் 14ஆம் தேதி மாலை ஏழரை. அப்படியே பொருந்துகிறது. இத்தனை ஆண்டுகளாக ஆங்கிலத் தேதிக்கு ஆறு மணி நேரம் கூட்டிக் கூட்டியே மாணவர்களுக்குச் சொல்லி வந்திருக்கிறேன். வீட்டுச் சுவரில் தொங்குவதிலேயே விடை இருந்தது என்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தருகிறது.

வாசகர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று: இதற்குத் திருக்கணிதப் பஞ்சாங்கத்தைத்தான் பார்க்க வேண்டும். வாக்கியப் பஞ்சாங்கத்தில் சங்கிரமண நேரம் சில மணி நேரம் வேறுபடலாம்.

அத்துடன், இந்த முறை எல்லாப் பொழிவுகளுக்கும் ஒரே நம்பகத்தோடு பொருந்தாது. ஃபேத்தான் அடிக்கடி சுற்றி வருவதால் ஜெமினிட் ஓடை பாதை முழுவதும் நிரவி நிற்கிறது. அதனால் ஆண்டுதோறும் ஒழுங்காக வருகிறது. லியோனிட் அப்படியில்லை. அதன் தாயான டெம்பல்-டட்டில் வால்மீன் 33 ஆண்டுக்கு ஒருமுறை வந்து, ஒவ்வொரு வருகையிலும் ஒரு தனித் துகள் கீற்றை விட்டுச் செல்கிறது. அந்தக் கீற்றுகளைக் கோள்களின் ஈர்ப்பு, சிறப்பாக வியாழனின் ஈர்ப்பு, அங்குமிங்கும் தள்ளுகிறது. 1998இல் லியோனிட்டின் ஒளிமிக்க எரிகற்கள் எதிர்பார்த்த நேரத்துக்கு ஏறத்தாழ 16 மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டன. குறித்த இரவுக்காகக் காத்திருந்த பலர் அதை இழந்தார்கள். அடுத்த ஆண்டு, ராபர்ட் மெக்நாட், டேவிட் ஆஷர் என்ற இருவர் ஒவ்வொரு கீற்றையும் தனித்தனியே பின்தொடர்ந்து கணித்து, உச்சத்தைச் சில நிமிட வேறுபாட்டுக்குள் சொல்லிவிட்டார்கள். அத்தகைய பொழிவுக்குப் பஞ்சாங்கப் பாகை தோராயமான வழிகாட்டியாக மட்டுமே இருக்கும்.

பதில் 6: வள்ளியூர் விண்நோக்கி

ஐயாவின் 39 மணி நேரக் கணக்கை என் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதிவைத்துவிட்டேன். நான் சொல்ல வேண்டியது இரண்டு: ஒன்று மேகம், மற்றொன்று கண்.

கார்த்திகைக் கடைசி என்றால் நமக்கு வடகிழக்குப் பருவமழைக் காலம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம் மாவட்டத்தில் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஜெமினிட் உச்சத்துக்கு மூன்று நாள் கழித்து நடந்தது அது. சூரியன் நிற்கும் பாகையை நூறு ஆண்டுக்கு முன்பே சொல்லலாம். வங்கக்கடலில் எழும் மேகத்தைச் சில நாளுக்கு முன்புகூட உறுதியாகச் சொல்ல முடியாது. ஆகவே ஓர் இரவை மட்டும் நம்பி வண்டி பேசாதீர்கள். 13ஆம் தேதி இரவை மாற்றாக வைத்துக்கொள்ளுங்கள்; அன்று பாதி எண்ணிக்கை கிடைத்தாலும் வீண் போகாது. 14ஆம் தேதி மாலை ஐந்து மணிக்கு வானிலை ஆய்வு மையத்தின் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து, மேகக்கூட்டம் கடலிலிருந்து எந்தப் பக்கம் நகர்கிறது என்று தெரிந்துகொண்டு புறப்படுங்கள். முழு வானமும் திறந்திருக்க வேண்டும் என்பதில்லை. பாதி வானம் திறந்திருந்தால் பாதி எண்ணிக்கை கிடைக்கும். மேகம் ஒரு மணி நேரம் மூடிவிட்டுப் பிறகு விலகுவதும் நம் பக்கத்தில் அடிக்கடி நடப்பதுதான். பத்து மணிக்கு மூடியிருக்கிறது என்று பாயைச் சுருட்டிவிடாதீர்கள்.

அடுத்து, கண். இருட்டுக்குப் பழக அதற்கு இருபது நிமிடம் முதல் அரை மணி நேரம் வரை தேவை. அதற்குள் ஒருவர் கைப்பேசியைத் திறந்தால் எல்லாருக்கும் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். நேரம் பார்க்க வேண்டியவருக்கு மட்டும், டார்ச் முகப்பில் சிவப்பு மிட்டாய்த்தாளை இரண்டு மடிப்பாக வைத்து ரப்பர் வளையம் போட்டுக் கொடுத்துவிடுங்கள். சிவப்பு வெளிச்சம் கண்ணின் பழக்கத்தைக் கெடுக்காது. மகள் நோட்டில் குனியாமல் எண்ணுவதற்கு நான் செய்யும் வழி இது: மடியில் ஒரு கிண்ணம் புளியங்கொட்டை, ஓர் எரிகல்லுக்கு ஒரு கொட்டையை அடுத்த கிண்ணத்தில் போட வேண்டும். கால் மணிக்கு ஒருமுறை பெரியவர் யாராவது அதை எண்ணி எழுதிவைத்தால் போதும். வந்த எரிகல்லின் கோட்டைப் பின்னோக்கி நீட்டிப் பார்த்து, அது புனர்பூசத்துப் பக்கம் போய்ச் சேர்ந்தால் மட்டும் ஜெமினிட். வேறு பக்கம் போனால் அது தற்செயலாக வந்தது. அதற்குத் தனிக் கிண்ணம். புனர்பூசத்தை அடையாளம் காணும்போது ஒரு கவனம் வேண்டும்: சென்ற ஆண்டு வியாழன் அதன் அருகிலேயே பெரிய வெளிச்சமாக நின்றது, இந்த ஆண்டு அது சிம்மத்துக்குப் போய்விட்டிருக்கும். பத்து மணிக்குக் கிழக்கு நோக்கி நின்றால், வேட்டைக்காரன் இடுப்பில் வரிசையாக இருக்கும் மூன்று மீன்களுக்கு இடது கைப் பக்கம் கீழே, ஏறத்தாழ ஒரே பிரகாசத்தில் அருகருகே இருக்கும் இரண்டுதான் அவை.

எண்ணிக்கை முடிந்ததும், அங்கே தெரிந்த மிக மங்கலான மீன் எது என்பதையும் ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள் அக்கா. அது இல்லாமல் உங்கள் எண்ணை மற்றவர்கள் எண்ணோடு ஒப்பிட முடியாது.

பாளை வாசகி

அம்மாவிடம் பேசிவிட்டேன். வீட்டுக்குக் கிழக்கே வாய்க்கால் தாண்டி எங்கள் களம் இருக்கிறது. அங்கே தெருவிளக்கு கிடையாது, பக்கத்து மோட்டார் அறை விளக்கை அன்று இரவு அணைத்துவைக்கச் சொல்லியிருக்கிறேன். திங்கட்கிழமை பள்ளி விட்டதும் கிளம்பினால் ஏழரைக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். எட்டு மணி முதல் ஒன்பதரை வரை மாமனாரோடு கிழக்கு நோக்கி உட்காருவோம். அவரைத் தூங்க அனுப்பிவிட்டு நாங்களும் சற்று உறங்கி, பதினொரு மணிக்கு எழுந்து இரண்டரை வரை எண்ணுவோம். மறுநாள் அரை நாள் விடுப்புக்கு வகுப்பு ஆசிரியையிடம் மகளே காரணத்தை எழுதிக் கொடுக்கப்போகிறாள்.

ஐயா சொன்ன கணக்கை அவள் 2027க்கும் போட்டுப் பார்த்துவிட்டு, அதிகாலை 1.40க்கு உச்சம், அரை மணி நேரத்தில் புள்ளியும் உச்சிக்கு வருகிறது, அடுத்த வருடம்தான் எல்லாம் கூடி வருகிறது என்று துள்ளினாள். நாட்காட்டியைப் புரட்டிக் காட்டினேன்: 2027 டிசம்பர் 13 பௌர்ணமி. சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ இந்த வருஷம்தான்மா" என்று சொல்லிப் புளியங்கொட்டை சேர்க்க ஆரம்பித்துவிட்டாள்.